பதிமூன்று வீடுகளும் ஜோதிலட்சுமியின் சந்தேகமும்

ஜோதிலட்சுமி யாரையும் நம்பமாட்டாள். இதை அவளே நாலு பேர் முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள் என்பதால், எழுதுவதில் குற்றமில்லை. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் தன் வீட்டு டம்ளரில் ஒருமுறை அளந்து பார்ப்பாள். கண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவினாலும், ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகையில் அதே பெயரைப் படித்த பிறகுதான் சீட்டை விட்டு எழுந்திருப்பாள். கட்டிய கணவன் சசிகுமார், கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் பதினாறு வருஷமாக ஷிப்ட் போகிறவன், "இன்னிக்கி செகண்ட் ஷிப்ட்" என்று சொன்னால் அவன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டானா என்று பார்ப்பாள். அவனும் அவள் கண்ணெதிரே டிபன் பாக்ஸை ஆட்டிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பான்.

பிறந்தது பழவேற்காடு ஏரியோரத்துக் குப்பம் ஒன்றில். அப்பா கலியன் இறால் பிடிப்பவர். கரைக்கு வரும் வியாபாரி கூடைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கும் என்று அதிலேயே எண்ணி, கூடை முழுவதற்கும் விலை பேசுவான். பிடிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? பெரிய இறாலை மேலே பரப்பிவைப்பார்கள். வியாபாரி மட்டும் சும்மா இருப்பானா? கையை அடிவரைக்கும் விட்டுப் பொடியாகப் பார்த்து அள்ளுவான். இரண்டு பக்கத்துத் திருட்டுத்தனத்தையும் பத்து வயதில் பக்கத்தில் நின்று பார்த்தவள் ஜோதிலட்சுமி. மனுஷர்களைப் பற்றி அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தவள், அதை இன்றுவரை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் புத்திக்கு ஏற்ற வேலையும் அமைந்தது. கும்மிடிப்பூண்டி பைபாஸ் ஓரம், பேக்கரி மாடியில், ஒரு சர்வே கம்பெனி. மாவட்டத்தில் சாணத்திலிருந்தும் கழிவிலிருந்தும் மாதாமாதம் எவ்வளவு எரிவாயு உற்பத்தியாகிறது என்று கணக்கெடுத்துக் கொடுக்க அவர்கள் ஒப்பந்தம் எடுத்திருந்தார்கள். தேர்வாய் கண்டிகையிலும் கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்சாலை கேன்டீன் கழிவில் ஓடுகிற பெரிய பிளான்ட் மூன்று. மூன்றுக்கும் மீட்டர் உண்டு, அதைப் பார்த்து எழுதினால் முடிந்தது. கிராமங்களில் மாட்டுச்சாணம் போட்டு அடுப்பெரிக்கிற வீடுகள்தான் தலைவலி. பட்டியலில் முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஒன்றிலும் மீட்டர் கிடையாது. அத்தனைக்கும் போக ஆளில்லை. சென்னையில் கம்ப்யூட்டரில் குலுக்கிப் போட்டு இருபத்தாறு வீடுகளை எடுத்துக் கொடுத்தார்கள். அந்த இருபத்தாறில் வருவதைப் பன்னிரண்டால் பெருக்கினால் மொத்தக் கணக்கு வந்துவிடும். ஆகவே ஒரு வீட்டில் தப்பாக எழுதினால் பன்னிரண்டு வீட்டில் தப்பாக எழுதியது போல.

மாவட்டத்தின் கிழக்குப் பக்கத்து ஆரணியில் குடியிருக்கும் ஜோதிலட்சுமிக்கு அந்தப் பக்கத்துப் பதிமூன்று வீடுகள். மேற்கே ஆர்.கே.பேட்டை பக்கத்துப் பதிமூன்றும் ஜெபாவுக்கு. ஜெபாவுக்கு இருபத்தெட்டு வயது. அப்பா பக்கவாதத்தில் படுத்த படுக்கை, அவள் சம்பாதித்தால்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கும். கூட்டங்களில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்வாள். வாயே திறக்காதவர்கள்மேல் ஜோதிலட்சுமிக்கு எப்போதும் ஒரு கண் உண்டு.

வேலை இதுதான். வட்டத் தொட்டியில் சாணக் கரைசல் இருக்கும். அதன்மேல் ஒரு பெரிய இரும்பு டிரம்மைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வாயு சேரச் சேர டிரம் மேலே எழும்பும், அடுப்பு எரிய எரிய கீழே இறங்கும். சர்வே ஆள் டேப் பிடித்து டிரம் எத்தனை சென்டிமீட்டர் எழும்பியிருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அடுப்பு எரிகிறது என்று வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால், சரி என்று தனக்குப் படுவதை எழுதலாம். போனில் நிரப்புகிற ஃபார்மில் இப்படி ஒரு வரி இருந்தது. இந்த ஒரு வரி போதுமே ஜோதிலட்சுமிக்கு!

முதல் மாதமே அவள் வீட்டுக்காரர்களின் குட்டைக் கண்டுபிடித்துவிட்டாள். ஆரணிக்கு வெளியே மூன்று ஏக்கர் நெல் வைத்திருக்கும் மணவாளன் நல்ல மனுஷர்தான், போனால் மோர் கொடுக்காமல் அனுப்பமாட்டார்.

"காலைல ஒன்றர மணி நேரம், சாயங்காலம் ஒன்றர மணி நேரம் எரியுதும்மா. சிலிண்டரத் தொடுறதே இல்ல," என்றார்.

டேப்பைப் பிடித்தாள். முப்பத்தைந்து சென்டிமீட்டர். அதில் இருக்கிற வாயு ஒரு மணி நேரத்துக்கே இழுபறி. இவர் வேளைக்கு ஒன்றரை என்கிறார். யார் காதில் பூ சுற்றுகிறார்?

"டிரம்ம பாத்தா அப்டி தெரியலயே நைனா."

"நான் இன்னாத்துக்கும்மா பொய் சொல்லப் போறேன்?"

என்னத்துக்கு என்று அவளுக்குத் தெரியும். மானியத்தில் கட்டிய தொட்டி, சரியாக ஓடவில்லை என்றால் எங்கே கேள்வி வருமோ என்று ஏற்றிச் சொல்கிறார்கள். பதிமூன்று வீட்டிலும் இதே கதை, இதே மூன்று மணி நேரம், டேப்பில் அதே முப்பத்துச் சொச்சம். மூன்று மணி என்று சொன்ன இடத்திலெல்லாம் இரண்டு என்று எழுதினாள். பதினான்கு மாதம் இப்படி எழுதினாள். கணவனை அனுப்பி, சமையலை முடித்து, பத்துக்கு ஸ்கூட்டியை எடுத்தால் பத்தரைக்கு முதல் வீடு, ஒரு மணிக்குள் நாலாவது வீடு. ஒரு வீடு விட்டதில்லை, ஒரு நாள் தவறியதில்லை. ஆபீஸில் அவளைப் போல ஒழுங்காக ஃபார்ம் அனுப்பியவர்கள் யாரும் இல்லை.

பதினைந்தாவது மாதக் கூட்டத்தில்தான் இரண்டு பேருடைய பட்டியலும் ஒரே தாளில் அச்சாகி வந்தது. ஜோதிலட்சுமிக்கு மூக்கு வியர்த்தது. ஜெபாவின் வாயுக் கணக்கு ஒவ்வொன்றும் இவளுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அதே அளவுத் தொட்டி, அதே மூன்று நாலு மாடு. ஆர்.கே.பேட்டை மாடு மட்டும் ஒன்றரை மடங்கு சாணம் போடுமா? ஃபார்ம் நிரப்பிய நேரம் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதைப் படித்தவள், கூட்டம் முடியும்வரை காத்திருந்து சூப்பர்வைசர் மதிவாணனின் மேஜைக்குப் போனாள். மதிவாணன் ரிட்டையராக நாலு வருஷம் பாக்கி உள்ளவர், எந்தப் பிரச்சினையும் தன் மேஜையைத் தாண்டிப் போனால் போதும் என்று நினைப்பவர்.

"சார், இத்தப் பாருங்க. அஞ்சே கால், அஞ்சர, அஞ்சு அம்பது. எந்த ஊட்டுல சார் அந்த நேரத்துல நின்னு பதில் சொல்லுவாங்க? போத்திப் படுத்துகினே ஃபார்ம ரொப்பிகிறா."

"லொகேஷன் இன்னா காட்டுது?"

"காலி. பதிமூணும் காலி."

"அது மலையோரம்மா. டவர் எடுக்காது."

"அது அவளுக்கு வசதியா பூடுச்சி சார்."

மதிவாணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெபாவின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது, திங்கட்கிழமை புதுப்பிக்க வேண்டும். பொய் ஃபார்ம் என்று ஒரு குறிப்பு விழுந்தால் இந்தக் கம்பெனி மட்டுமல்ல, எந்த சர்வே கம்பெனியும் அவளைப் பக்கத்தில் சேர்க்காது. அந்தப் பெண்ணின் பிழைப்பே அதோடு சரி.

"நீயே போய் அஞ்சு ஊட்ட மறுபடி பாத்துட்டு வா. அவகிட்ட மூச்சு வுடாத," என்றார்.

மூச்சு விடுவாளா? புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

புதனும் வியாழனுமாக நாலு வீடுகளைப் பார்த்தாள். முதல் வீட்டுக் குப்பம்மாள் வெற்றிலை மென்றுகொண்டே சொன்னாள், "அந்தப் பொண்ணா? அது விடியறதுக்குள்ள வந்துடும்மா. நான் வாசத் தெளிக்கசொல்ல டேப்ப புடிச்சிகினு நிக்கும்."

இரண்டாவது வீட்டிலும் விடியறதுக்குள்ள. மூன்றாவது, நாலாவதிலும் அதே வார்த்தை. நாலு வீட்டில் நாலு பேர் ஒரே மாதிரி பதில் சொன்னால் ஜோதிலட்சுமிக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான், யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மனுஷர்களை விட்டுவிட்டு டிரம்மைப் பார்த்தாள். முப்பத்துநாலு, முப்பத்தாறு, முப்பத்துமூன்று, முப்பத்தேழு. தன் ஆரணிப் பக்கத்தில் பதினான்கு மாதமாகப் பார்த்த அதே அளவு. ஜெபா எழுதியிருந்ததோ எழுபது, எழுபத்திரண்டு. மாட்டிக்கொண்டாள்!

ஆர்.கே.பேட்டை பஸ் நிறுத்தத்தில் டீயைக் குடித்துக்கொண்டே நாலு வீட்டு அறிக்கையையும் அனுப்பினாள். குறிப்பில், 'வீட்டுக்காரர்கள் பேசிவைத்துச் சொல்கிறார்கள்' என்று எழுதினாள். டீ ருசியாக இருந்தது. அரை மணி நேரத்தில் போன் அடித்தது. திரையில் ஜெபா பெயர். அதற்குள் மதிவாணன் அவளிடம் கேட்டுவிட்டார் போலிருக்கிறது. அழுது மனசைக் கரைக்கப் பார்ப்பாள் என்று நினைத்து ஜோதிலட்சுமி எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. சைலன்டில் போட்டுவிட்டாள்.

ஐந்தாவது வீடு ஹேமாவதி என்ற அம்மாளுடையது. புதன்கிழமை பதினோரு மணிக்குப் போனபோது பூட்டு. வியாழன் மூன்று மணிக்கும் பூட்டு. கரும்பு வெட்டு நடக்கிறது, காலை எட்டரைக்கெல்லாம் கிளம்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பூட்டிய வீட்டுக்கு மூன்று முறை, மூன்று வெவ்வேறு நேரத்தில் போக வேண்டும் என்பது சர்வேயில் விதி. பக்கத்து வீட்டை அதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது.

"நாலு ஊடு போதும்மா. பூட்டுன்னு போட்டு அனுப்பிச்சிட்டு வந்து சேரு," என்றார் மதிவாணன் போனில்.

"மூணாவது தடவ போவாம எப்டி சார் போட்றது? நாளைக்கி எவனாவது என்னியக் கேட்டா?"

விதி என்றால் விதி. அடுத்தவர்மேல் குற்றம் சொல்கிறவள் தன்மேல் ஒரு சொல் விழவிடலாமா? திருத்தணியில் ஒரு லாட்ஜில் தங்கி, வெள்ளிக்கிழமை விடிவதற்குமுன் முதல் பஸ்ஸைப் பிடித்தாள். ஹேமாவதி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்து நாற்பது. மாடுகள் எழுந்திருந்தன, அடுப்பு இன்னும் எழுந்திருக்கவில்லை.

டிரம்மைப் பார்த்ததும் ஜோதிலட்சுமி நின்றுவிட்டாள். டேப்பே வேண்டாம், கண்ணுக்கே தெரிந்தது. தொட்டி விளிம்புக்கு மேல் இரும்பு பளபளவென்று உயர்ந்து நின்றது. டேப் எழுபத்தொன்று என்றது. இன்னொரு பக்கம் வைத்து அளந்தாள். அங்கேயும் எழுபத்தொன்றுதான்.

உங்களுக்கும் எனக்கும் என்றால் உடனே புரிந்திருக்கும். ஜோதிலட்சுமிக்கு அது முதலில் தோன்றவில்லை. ஜெபா முந்திக்கொண்டாள் என்றுதான் நினைத்தாள். மறு சரிபார்ப்புக்கு ஆள் வருகிறது, ராத்திரி அடுப்பு மூட்டாமல் வாயுவைச் சேர்த்து வையுங்கள் என்று சொல்லிவைத்திருப்பாள். நேராகச் சமையலறைக்குப் போய் நின்றாள்.

"நேத்து சாயங்காலம் இன்னாம்மா சமையலு?"

ஹேமாவதி சாணிக் கையோடு திரும்பிப் பார்த்தாள். "இன்னாத்துக்குக் கேக்கற?"

"ஃபார்ம்ல கீதும்மா."

ஃபார்மில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. "சோறும் முருங்கக்கீர சாம்பாரும்" என்றாள் ஹேமாவதி. ஜோதிலட்சுமி பாத்திரத்தைத் திறந்தே பார்த்துவிட்டாள். பழையதில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தது, சாம்பார் அடியில் கொஞ்சம். சிலிண்டர் இருக்கிறதா என்று மூலையைப் பார்த்தாள். இருந்தது, கழுத்தில் சிலந்தி வலை. ஆக, ராத்திரியும் சாண வாயுவில்தான் சமையல் நடந்திருக்கிறது. ஹேமாவதிக்கு இது ஆபீஸ் ஆளா, திருட வந்தவளா என்றே சந்தேகம் வந்துவிட்டது.

"யாரு நீ மொதல்ல? ஜெபா எங்க?"

"ஜெபா சொல்லித்தான் அனுப்பிச்சிது," என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். "எட்டு மணி வரிக்கும் நான் இங்க உக்காந்துகிறேம்மா. நீ பாட்டுக்கு வேலயப் பாரு."

ஐந்து ஐம்பதுக்கு அடுப்பு பற்றியது. முதலில் மாட்டுக்குத் தவிட்டுக் கஞ்சி, அப்புறம் குளிக்க வெந்நீர், அப்புறம் சோறு, குழம்பு. ஹேமாவதி கரும்பு வெட்டுக்குக் கொண்டுபோக நாலு பேருக்குச் சேர்த்து வடித்தாள். ஜோதிலட்சுமி டிரம் பக்கத்திலேயே கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்திருந்தாள். கால் மணிக்கு ஒருதரம் டேப் வைத்தாள். அறுபத்து மூன்று, ஐம்பத்தாறு. கண்ணுக்கு முன்னால் இரும்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஏழரைக்கு ஹேமாவதி அடுப்பை அணைத்தபோது இருபத்து நாலு. ஒன்றரை மணி நேரத்துக்குமேல் எரிந்திருக்கிறது. ஃபார்மில் ஜெபா எழுதியிருந்ததும் அதுதான்.

இருபத்து நாலு. ஜோதிலட்சுமி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிருந்து மெல்ல மெல்ல ஏறினால் பத்தரைக்கு எவ்வளவு நிற்கும்? கணக்குப் போட வேண்டாம், அவளுக்கு மனப்பாடம். முப்பத்துநாலு, முப்பத்தைந்து. பதினான்கு மாதமாகப் பதிமூன்று வீட்டில் அவள் அளந்தது சமைத்து முடித்த மிச்சத்தை. சமைத்ததை அளக்கவே இல்லை. அந்த மிச்சத்தை வைத்துக்கொண்டு, ஒழுங்காகப் பதில் சொன்னவர்களையெல்லாம் பொய்யர்கள் என்று முடிவு கட்டி, மூன்றை இரண்டாக வெட்டி எழுதியிருக்கிறாள். மணவாளன் மோர் கொடுத்துச் சொன்னது நிஜம். குப்பம்மாள் சொன்னது நிஜம். ஜெபா ஐந்து ஐம்பதுக்கு வந்ததும் நிஜம்.

ஹேமாவதி ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். ஜோதிலட்சுமி அதைத் தொடவில்லை.

"ஜெபா எதுக்கும்மா இவ்ளோ காலங்காத்தால வருது?" என்று கேட்டாள்.

"அடுப்பு பத்த வெக்கறதுக்கு முன்ன அளக்கணுமாம். பின்ன? எரிஞ்சப்புறம் வந்து இன்னாத்த அளக்கறது?" என்றாள் ஹேமாவதி. சாணி கரைக்கிற அந்த அம்மாளுக்குத் தெரிந்தது, பதினான்கு மாதம் டேப் பிடித்தவளுக்குத் தெரியவில்லை.

டவர் கிடைக்கிற இடம் தேடி ரோடு வரைக்கும் நடந்து மதிவாணனுக்குப் போன் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஜோதி, யோசிச்சிப் பேசு. இது உண்மைன்னா ஒன்னோட பதினாலு மாசக் கணக்கும் தப்பு. வருஷ அறிக்க மேல போயாச்சி. அதுல கையெழுத்து என்னுது."

"தெரியும் சார்."

"அந்த ஊடு பூட்டுதான? ரெண்டு தடவ பூட்டு. மூணாவது தடவயும் பூட்டுன்னு போடு. அந்தப் பொண்ணுக்கு நான் வேற எங்கியாவது சொல்லி ஒரு வேல பாத்துக் குடுக்கறேன். எதுக்கு எல்லாருக்கும் பேஜாரு?"

ஒரு விரலில் முடிகிற வேலைதான். ஃபார்மில் 'பூட்டு' என்பதற்கு நேரே ஒரு சின்ன வட்டம், அதைத் தொட்டால் போதும். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஜோதிலட்சுமியும் சம்பளத்துக்கு வேலை செய்கிறவள், அவளுக்கும் ஒப்பந்தம் உண்டு. ரோட்டோரம் அந்த வட்டத்தைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாள். மதிவாணன் ஜெபாவுக்கு வேலை பார்த்துக் கொடுப்பார் என்பதையும் அவள் நம்பவில்லை. எழுபத்தொன்று என்று எழுதினாள். அடுத்த கட்டத்தில் இருபத்து நாலு என்று எழுதினாள். அனுப்பினால் நேரே சென்னைக்குப் போய்விடும், திரும்ப வாங்க முடியாது. அனுப்பிவிட்டாள்.

அதோடு நிற்கவும் இல்லை. சனிக்கிழமை விடியலில் இரண்டு வீடு, ஞாயிற்றுக்கிழமை விடியலில் இரண்டு வீடு என்று ஏற்கெனவே பார்த்த நாலையும் மறுபடி அளந்தாள்.

"மூணு நாளா லாட்ஜுல தங்கிகிற. இப்ப நான் சந்தேகப்படணுமா?" என்று சசிகுமார் போனில் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பேக்கரி மாடியில் ஜெபா கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. சென்னையிலிருந்து சுகிர்தா என்ற பெரிய மேடம் வந்திருந்தார். மதிவாணன் தொண்டையைக் கனைத்து ஆரம்பிப்பதற்குள் ஜோதிலட்சுமி எழுந்து நின்றுவிட்டாள். உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று பயம். ஐந்து வீட்டுக் கணக்கையும், பத்தரை மணிக் கணக்கையும், தான் மூன்றை இரண்டாக வெட்டியதையும் வரிசையாகச் சொன்னாள். பூசி மெழுகவில்லை. மதிவாணன் போனில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை, அவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சுகிர்தா மேடம் ஜெபா பக்கம் திரும்பினார். "நீ ஏன்மா இத்தன நாளா சொல்லல?"

"எல்லாரும் அந்த நேரத்துலதான் போறாங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் மேடம்," என்றாள் ஜெபா. அப்புறம் ஜோதிலட்சுமியைப் பார்த்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "அக்கா, குப்பம்மாக்காவக் கேட்டீங்க. ஹேமாவதிம்மாவக் கேட்டீங்க. சார்கிட்ட கேட்டீங்க. என்னிய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? நான் ரெண்டு தடவ போன் போட்டேன்."

எதற்கும் பதில் வைத்திருக்கும் ஜோதிலட்சுமி, அன்று கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

ஜெபாவின் ஒப்பந்தம் அங்கேயே புதுப்பிக்கப்பட்டது. ஜோதிலட்சுமியின் விஷயத்தில் மேடம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. நேரம் தப்பியது ஒரு விஷயம். பதினான்கு மாதமும் அவள் நிஜமாகவே வீடுகளுக்குப் போனாளா, இல்லை உட்கார்ந்த இடத்தில் எழுதினாளா என்பது இன்னொரு விஷயம். பதிமூன்று வீட்டையும் இன்னொருவர் போய் விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அவளை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு. யார் போவது? பயிற்சி பெற்றவள் மாவட்டத்தில் இன்னொருத்திதான் இருந்தாள்.

அந்த வாரம் முழுவதும் ஜோதிலட்சுமி சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டவில்லை. ஜெபாவின் இடத்தில் தன்னை வைத்து யோசித்து யோசித்துப் பார்த்தாள். பதிலுக்குப் பதில் போட்டுத் தள்ள இதைவிட ஒரு வாய்ப்பு கிடைக்குமா? பொய் கூடச் சொல்ல வேண்டாம். 'வந்ததாக ஞாபகம் இல்லை என்கிறார்கள்' என்று ஒரு வீட்டில் எழுதினால் போதும். மணவாளன் வயசானவர், தடுமாறி எதையாவது உளறினாலும் போச்சு. போய் அவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கலாமா என்றுகூட ஸ்கூட்டி சாவியைக் கையில் எடுத்தாள். பேசிவைத்துச் சொல்கிறார்கள் என்று அடுத்தவர்மேல் பழி போட்டவள் தான்தானே என்று உறைத்ததும் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினாள். ஜெபா ஆரணியில் யார் வீட்டிலோ தங்கி, தினமும் இருட்டு விலகுமுன் கிளம்பிப் போகிறாள் என்று மட்டும் கேள்விப்பட்டாள். தன் வீட்டுக்கு வந்து தங்கு என்று கூப்பிட வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அறிக்கையின் நகலை மதிவாணன் போனுக்கு அனுப்பினார். ஜோதிலட்சுமி சமையலறையில் நின்றபடியே திறந்தாள். பதிமூன்று வீடு, பதிமூன்று அளவு, எல்லாம் விடியற்கால அளவு. கடைசியில் குறிப்புக்கான கட்டம். ஜெபா எழுதியிருந்தாள்.

'ஜோதிலட்சுமி அக்கா எல்லா மாதமும் எல்லா வீட்டுக்கும் நேரில் வந்திருக்கிறார். பதிமூன்று வீட்டிலும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் பிடித்த டேப் அளவு சரி. நேரம்தான் தப்பு. மணவாளன் வீட்டில் பத்தரை மணிக்கும் அளந்து பார்த்தேன், அவர் எழுதிய அதே முப்பத்தைந்து வந்தது. எந்த ஃபார்மும் போகாமல் எழுதிய பொய் இல்லை.'

உள்குத்து எங்கே வைத்திருக்கிறாள் என்று தேடினாள். முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். ஒவ்வொரு வீடாக, ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். ஒன்றும் இல்லை. பத்தரை மணிக்கு அளக்கச் சொல்லி அவளுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. ஜோதிலட்சுமி எழுதியது பொய் இல்லை என்று காட்டுவதற்காகவே அந்தப் பெண் விடியற்காலை போன வீட்டில் பத்தரைவரை காத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

செகண்ட் ஷிப்ட்டுக்குக் கிளம்பிய சசிகுமார் டிபன் பாக்ஸை எடுக்க உள்ளே வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துப் பதறிப்போனான்.

"இன்னா ஜோதி? இன்னா எழுதிகிறா? வேல பூடுச்சா?"

"இல்ல. உண்மைய எழுதிகிறா."

"அப்புறம் இன்னாத்துக்கு அழுவுற?"

"அதுக்குதான்," என்றாள் ஜோதிலட்சுமி.